மூன்றாம் நாளும் அதே சீட்டு

அத்தியாயம் 17

மாஸ்டரின் வலது கை மாவுக்கட்டுக்குள் போய் இன்றோடு ஐந்து நாள். போன வாரம் அவர் வழுக்கி விழுந்ததைப் படித்துவிட்டு, “மாடிப்படியே ஏறாத மனுஷன் எப்படி விழுந்தார்?” என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அது தெரிந்துவிடும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அந்த வீட்டின் முன் அறைதான் தையல் கடை. மாஸ்டர் வெட்டுவார், அவர் மனைவி தைப்பாள். மாஸ்டரின் தங்கை, தெருவுக்கே கேட்கும்படி “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தபால்காரர் முதல் எதிர்வீட்டு வக்கீல் வரை எல்லோருக்கும் அவளை அண்ணி ஆக்கிவிட்டாள். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

அந்தத் தங்கைக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வயது நாற்பத்தொன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூன்று தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதகர் படிப்புக்கு யாரிடமும் சொல்லாமல் நுழைவுத் தேர்வு எழுதினாள். முடிவு வந்து ஒன்பது நாளாகிறது. கவரைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறாள். அந்தக் கவர் இருப்பது அண்ணிக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியும் என்பதுதான் ரேடியோவுக்குத் தெரியாது.

மாஸ்டர் விழுந்த கதையும் சுருக்கமாக. அன்று காலை ரேடியோ நீட்டிய குறிச்சீட்டில் அவருக்கு ‘படி’ என்று வந்தது. படியில் கண்டம் என்று முடிவு கட்டிக்கொண்டு, கடை உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் மாடிப்படியை ஒதுக்கிவிட்டு லிஃப்டில் ஏறினார். மூன்றாம் மாடியில் வெளியே வைத்த முதல் எட்டிலேயே மல்லாந்தார். மணிக்கட்டு எலும்பில் கீறல் விழுந்தது.

இனி இன்றைய காலை.

ஏழு மணிக்கு ரேடியோ தலையில் துண்டோடு வந்து, தையல் மிஷின் பலகைமேல் சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பினாள்.

“அண்ணி, வாங்க. டீ ஆறினா பரவாயில்ல.”

“எனக்கு வேணாம். நேத்து எடுத்தாச்சு, முந்தாநாள் எடுத்தாச்சு.”

“நேத்துப் பல்லு விளக்கினீங்கன்னு இன்னைக்கு விளக்காம இருக்கீங்களா?”

இதற்கு எதிர்வாதம் செய்ய நேரம் போதாது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சீட்டுகள் ரேடியோவே செய்தவை. புதுச் சட்டைக்குள் விறைப்புக்காக வைத்து வருமே, அந்த அட்டை. மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ஒரே ஒரு சொல். எதிர்காலம் சொல்கிற சீட்டு இல்லை என்று ரேடியோ முதலிலேயே சொல்லிவிடுவாள். “நாளைக்கு மழை வருமா, வரன் வருமான்னு எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. இன்னைக்குப் பயத்துக்கு இன்னைக்கு மருந்து. அவ்வளவுதான்.”

அட்டைகளை அவள் வெட்டியது மாஸ்டரின் பெரிய கத்தரியால். துணி வெட்டுகிற கத்தரி காகிதத்தில் பட்டால் கூர் மழுங்கிவிடும். தையல் தெரிந்த வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதற்குப் பிறகு மாஸ்டர் இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாணை பிடித்து வந்து, வெட்டு மேசைக்கு மேலே ஆணியில் மாட்டி, பக்கத்தில் ‘இதால் காகிதம் வெட்டாதே’ என்று எழுதி ஒட்டினார்.

“இடது கையால எடுங்க. மனசுக்குள்ள கேளுங்க. இன்னைக்கு நான் எதுக்குப் பயப்படறேன்?”

“மனசுக்குள்ள வேற கேக்கணுமா? அதோ மேசை மேல மடிச்சு வச்சிருக்கே.”

“கேளுங்க அண்ணி.”

அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள். ஒன்றை உருவி நெஞ்சோடு வைத்து மூன்று மூச்சு விட்டாள். அதுதான் முறை. திருப்பிப் பார்த்தாள். நாலு மூலையும் மழுங்கிப்போன, மற்றவற்றைவிட அழுக்கான அந்த அட்டையைத் தொட்டபோதே அவளுக்குச் சந்தேகம்தான்.

துணி.

“கலைச்சியா, இல்லையா நீ?”

“உங்க கண்ணு முன்னாடிதானே கலைச்சேன்!”

“மூணு நாளா துணி, துணி, துணி. கல்யாணம் ஆனதிலேர்ந்து துணியோடதான் குடித்தனம் நடத்தறேன். இதைச் சீட்டு சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?”

ரேடியோ சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கி உள்ளே சொருகினாள். அர்த்தம் மட்டும் சொல்ல மாட்டாள். தான் சொன்னால் அது தன் குறியாகிவிடும், சீட்டின் குறியாக இருக்காது என்பது அவள் கட்சி. உலகத்தில் ரேடியோ வாய் மூடிக்கொள்கிற விஷயம் அது ஒன்றுதான்.

“நல்லா யோசிச்சுப் பாருங்க அண்ணி” என்று சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போனாள்.

அண்ணி யோசிக்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

மேசைமேல் இருந்தது சாம்பல் நிறக் கம்பளித் துணி. நாலாவது வீட்டுப் பல் டாக்டரம்மா கொண்டுவந்து கொடுத்தது. அவர் அப்பா தனக்குக் கோட்டு தைத்துக்கொள்ள வாங்கி, தைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அதே துணியில் தனக்கு ஒரு கோட்டு வேண்டும், அடுத்த வாரம் ஒரு கூட்டத்தில் போட்டுக்கொண்டு பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது மாஸ்டர், “ஜமாய்ச்சுடலாம்” என்று அளவெடுத்தார். பழுப்புக் காகிதத்தில் வடிவமும் வெட்டி வைத்தார். மறுநாள் விழுந்தார். கூட்டம் நாளை மறுநாள் காலை.

தைப்பதற்கு அண்ணிக்கு முழுசாக ஒன்றரை நாள் வேண்டும். அப்படியென்றால் இன்று சாயங்காலத்துக்குள் வெட்டியாக வேண்டும். வெட்டுகிற கை மாவுக்கட்டில் இருக்கிறது.

அண்ணிக்கு வெட்டத் தெரியாது என்று யாராவது நினைத்தால் தப்பு. தெரியும். மூன்று வருஷம் முன்னால் வரை மாஸ்டருக்குச் சமமாக வெட்டினாள். ஒருநாள் மாஸ்டருக்குக் காய்ச்சல். வங்கி அதிகாரி ஒருவரின் கோடு போட்ட கோட்டுத் துணி அவசரமாக வந்தது. கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதற்காகத் துணியை இரண்டாக மடிக்காமல், முன்பாகங்களை ஒற்றை ஒற்றையாக வெட்டினாள். ஒன்றை வெட்டியதும் காகித வடிவத்தைக் குப்புறத் திருப்பிப்போட வேண்டும். திருப்பவில்லை. இரண்டும் இடதாகிவிட்டது.

அதிகாரி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேறு துணி எடுத்துத் தந்து, “போனாப் போகுது” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அண்ணிக்கு ஆறியிருக்கும். தெருவில் யாரோ, “ரெண்டு பக்கமும் இடது மார்பு இருக்கிற ஆள் கிடைச்சா அனுப்பி வைக்கிறோம்” என்று கிண்டலடித்தார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய கத்தரியை அவள் ஆணியிலிருந்து எடுக்கவே இல்லை. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியோடு மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள்.

இந்தச் சாம்பல் துணியை இரண்டாக மடித்து வெட்டினால் அந்தத் தப்பு வரவே வழியில்லை. ஒரே வெட்டில் இடதும் வலதும் ஜோடியாக வந்துவிடும். ஆனால் நேற்று விரித்துப் பார்த்தபோது நடுவில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று, பட்டாணி அளவில். மடித்தால் ஒரு முன்பாகத்தின் நெஞ்சுக்கு நேராக ஓட்டை உட்காரும். ஓட்டைக்கு ஒதுங்கி ஒற்றை ஒற்றையாகத்தான் வெட்ட வேண்டும். முன்பாகம் இரண்டுக்குத்தான் துணி இருக்கிறது, மூன்றாவதுக்கு இல்லை.

அதாவது, அதே வேலை. எந்த வேலையில் கவிழ்ந்தாளோ, அதே வேலை மறுபடி வந்து நிற்கிறது.

“என்னங்க, நீங்க இடது கையால முயற்சி பண்ணிப் பாருங்களேன்” என்றாள் கணவரிடம்.

மாஸ்டர் இடது கையால் கத்தரியைப் பிடித்துப் பழைய செய்தித்தாளில் முயற்சி செய்யப் போனவர், பாதியில் தான் எழுதி ஒட்டிய விதியே நினைவு வந்து, ஒரு பழைய தலையணை உறையை எடுத்தார். வெட்டி முடித்ததும் இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“எலி தின்னது இதைவிட நேரா இருக்கும்” என்றார் மாஸ்டர்.

கடைத்தெருவில் துணி வெட்டும் இன்னொரு கட்டருக்கு அண்ணி போன் போட்டாள். அவர் வெளியூரில் இருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவாராம். அடுத்தவருக்குப் போட்டாள். “கம்பளியா? பூச்சி ஓட்டையா? உங்க வீட்டுக்காரர் கை சரியாகட்டும் அண்ணி” என்று அவர் நைஸாகக் கழன்றுகொண்டார்.

பதினொன்றரை மணிக்கு அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். டாக்டரம்மா மதியம் வருவார். உள்ளதைச் சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று நாளாகச் சீட்டும் ‘துணி, துணி’ என்று அதைத்தான் நச்சரிக்கிறது, துணியை வைத்துக்கொள்ளாதே, அதுதான் உன் தலைவலி என்று. முடிவெடுத்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். நல்ல உயரம். எங்கள் கதையில் வாசல் நிலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வருகிற ஒரே ஆள் அவர்தான். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அடுத்த நோயாளிக்கு இருபது நிமிஷம்தான் இருக்கிறதாம். சாப்பாட்டுக்கு வந்திருந்த ரேடியோ அவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

“டாக்டர், ஒரு விஷயம் சொல்லணும்” என்று அண்ணி ஆரம்பித்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லணும் அண்ணி. நான் முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா சொல்லாமலே போயிடுவேன்” என்றார் டாக்டரம்மா. “கூட்டத்துக்குப் போகாம இருந்துட்டா என்னன்னு யோசிக்கிறேன்.”

“ஏன் டாக்டர்?”

“பயம். வேற என்ன? முந்நூறு பல் டாக்டருங்க எதிர்ல உக்காந்திருப்பாங்க. நான் பேசப் பேச எல்லாரும் என் வாயையேதான் பாப்பாங்க.”

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மாவும் சிரித்தார்.

“ஊர்ல எல்லாரையும் வாயைத் திறங்க, நல்லாத் திறங்கன்னு அதட்டறவ நான். மைக்கைப் பாத்தா எனக்கு வாய் திறக்காது. எங்கப்பாவும் இப்படித்தான். இந்தத் துணியை வாங்கி, நல்லதா ஒரு நாள் வரட்டும் தைச்சுக்கலாம்னு பெட்டியில வச்சார். எத்தனையோ நாள் வந்துச்சு. எதுவும் அவருக்கு அந்த அளவுக்கு நல்லதாத் தெரியல போலிருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டா நான் மேடை ஏறிடுவேன் அண்ணி. இது இல்லன்னா காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல படுத்துடுவேன். அது எனக்கே தெரியுது. சரி, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?”

அண்ணி மேசையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

“ஒண்ணுமில்ல டாக்டர். தோள் அளவு இன்னொரு தடவை எடுத்துக்கறேன்.”

அளவெடுத்த கையோடு ரேடியோ சீட்டுக்கட்டை நீட்டினாள். டாக்டரம்மா இடது கையால் ஒன்றை எடுத்தார். நெஞ்சோடு வைத்து மூச்சு விட்டார். திருப்பினார்.

திற.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. “இதை நான் ஒரு நாளைக்கு நாப்பது பேர்கிட்ட சொல்றேன்! என்கிட்ட சொல்ல ஒரு ஆள் இல்லாம இருந்துச்சு!” கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்ற சீட்டுகளைப் புரட்டினார். நில். கேள். சிரி. விடு. பேசு. “என்னம்மா இது, எல்லாமே அதட்டற மாதிரியே இருக்கு?”

“ஆமா டாக்டர். நாப்பதும் அதட்டல்தான். ஒவ்வொண்ணும் ஒரு வேலை ஏவும்.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு எழுந்து, குனிந்து, போய்விட்டார்.

உள்ளே இடது கையால் ஸ்பூனோடு போராடிக்கொண்டிருந்த மாஸ்டர் தட்டோடு எழுந்து வந்தார்.

“நாப்பதும் அதட்டலா? அப்ப என் சீட்டு? மாடிப்படி எப்படி அதட்டும்?”

ரேடியோ திரும்பி அண்ணனைப் பார்த்தாள். “மாடிப்படியா? அண்ணா, அது படின்னா... படி! வாசி! எழுத்துக் கூட்டிப் படி!”

மாஸ்டர் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

“லிஃப்ட் வாசல்ல ஏதாவது எழுதி வச்சிருந்தாங்களா அண்ணா?”

“மஞ்சளா ஒரு பலகை இருந்துச்சு.”

“என்ன போட்டிருந்துச்சு?”

“நான் எங்க படிச்சேன்?”

“விழுந்த பிறகு?”

“விழுந்த பிறகு கண்ணுக்கு நேராதான் இருந்துச்சு” என்றார் மாஸ்டர், முகட்டைப் பார்த்துக்கொண்டே. “தரை ஈரம், கவனம்னு.”

ரேடியோ சிரித்துச் சிரித்துத் துணிக்குவியல் மேல் சாய்ந்தாள். மாஸ்டரும் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு சிரித்தார். ஐந்து நாளில் அந்த வீடு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப என்னுது?” என்றாள்.

“உங்களுது துணி.”

“அதான் கேக்கறேன். துணின்னா?”

“துணின்னா துணிதான் அண்ணி. பயந்துக்கிட்டு நிக்காதே, துணின்னு. துணிஞ்சு இறங்குன்னு. இதுல என்ன சந்...” ரேடியோவின் பேச்சு நின்றது. அண்ணி பார்க்கும் திசையில் அவளும் பார்த்தாள். மேசைமேல் சாம்பல் நிறத்தில் மடித்து இருந்தது. “ஐயோ அண்ணி! நீங்க உடுத்துற துணின்னா நெனச்சீங்க?”

“தைக்கிறவகிட்ட துணின்னு எழுதிக் காட்டினா, அவ வேற என்னத்தை நெனப்பா?”

நில், கேள், சிரி, விடு. முப்பத்தொன்பது சீட்டும் வேலை ஏவும்போது, நாற்பதாவது மட்டும் எப்படி ஒரு கஜம் துணியாகும்? அது அவளுக்குத் தோன்றவே இல்லை. பொழுது விடிந்தால் துணி, சாய்ந்தால் துணி என்று இருப்பவளுக்கு அந்த இரண்டெழுத்துச் சின்னச் சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருப்பது எப்படிக் கண்ணில் படும்?

சட்டை அட்டைக்கு ஒன்றும் தெரியாது, கறுப்பு மைக்கும் ஒன்றும் தெரியாது. அண்ணிக்கு அந்தத் தெளிவு உண்டு. இருந்தாலும் மூன்று நாளாகத் தன்னைப் பார்த்து யாரோ ‘உன்னால் முடியும், இறங்கு’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததுபோலவும், தான் காது கேளாதவள்போல நின்றதுபோலவும் அவளுக்குப் பட்டது. கோபம் வரவேண்டும். ஆனால் சந்தோஷமாக இருந்தது.

ரேடியோ கண்ணாடிக் கடைக்குத் திரும்பிப் போனாள். அண்ணி வாசல் கதவைச் சாத்தினாள். மேசையைத் துடைத்தாள். துணியை ஒற்றையாக, நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, நாலு மூலையிலும் கனத்துக்கு எதையாவது வைத்தாள், ஒரு மூலைக்கு இஸ்திரிப் பெட்டி, ஒன்றுக்குப் பித்தளைப் பூட்டு. காகித வடிவத்தின் ஒரு முகத்தில் சிவப்புப் பென்சிலால் பெரிதாக ‘இடது’ என்று எழுதினாள். திருப்பி மறுமுகத்தில் ‘வலது’ என்று எழுதினாள்.

“என்னங்க, இங்க வந்து நில்லுங்க.”

“நான் என்ன பண்ணணும்?”

“யோசனை சொல்லக் கூடாது. உச்சுக் கொட்டக் கூடாது. நான் கத்தரியை வைக்கிறதுக்கு முன்னாடி, பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதைச் சத்தமாப் படிக்கணும். அன்னைக்குச் சீட்டு சொன்ன வேலை. அன்னைக்குச் செய்யல, இன்னைக்குச் செய்ங்க.”

மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார், வந்து நின்றார்.

அண்ணி ஆணியிலிருந்து கத்தரியை எடுத்தாள். அதன் கனம் மறந்தே போயிருந்தது. கட்டைவிரல் தன் பழைய இடத்தை உடனே கண்டுபிடித்துக்கொண்டது. சாக்பீஸால் கோடு போட்டு முடித்து, மனசுக்குள் காலையில் கேட்ட கேள்வியையே கேட்டாள். இன்னைக்கு நான் எதுக்குப் பயப்படறேன்? இரண்டு இடதுக்கு. அவ்வளவுதானே? பெயர் சொல்லிவிட்ட பிறகு அது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

“இடது” என்று படித்தார் மாஸ்டர்.

கத்தரி துணிக்குள் இறங்கியது. கனத்த கம்பளிக்கு அறுபடும்போது ஒரு சத்தம் உண்டு, வாழைத்தண்டை அறுப்பதுபோல. அண்ணிக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. பக்கவாட்டில் இறங்கி, கீழ்விளிம்பில் திரும்பி, கழுத்து வளைவில் கத்தரியின் நுனியால் மெல்லக் கொத்திக் கொத்தி வந்தாள். முன்பாகம் ஒன்று தனியாகப் பிரிந்து கையோடு வந்தது. மாஸ்டர் மூச்சு விட்டது அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

இரண்டாவது. ஓட்டைக்கு ஒதுங்கி, ஒரு விரல் இடம் விட்டு, காகிதத்தை வைத்தாள். அங்குமிங்கும் நகர்த்தினாள். குண்டூசி குத்தினாள். கோடு போட்டாள். முதல் வெட்டு கொடுத்த தெம்பில் கை இப்போது வேகமாகப் போனது. கத்தரியை எடுத்துத் துணியின் விளிம்பில் வைத்தாள்.

மாஸ்டர் படிக்கவில்லை.

“படிங்க” என்றாள் நிமிராமல்.

“இடது” என்றார் மாஸ்டர், மெதுவாக.

அண்ணி குனிந்து பார்த்தாள். சிவப்புப் பென்சிலில், அவள் கையெழுத்தில், இவ்வளவு பெரிதாக. ஓட்டையைத் தப்பிக்கும் கவனத்தில் காகிதத்தைத் திருப்பவே இல்லை. மூன்று வருஷம் கழித்து, அதே மேசையில், அதே தப்பு, நூலிழை தூரத்தில்.

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார். கத்தரியை வீசிவிட்டு உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தார்.

அண்ணி கத்தரியை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். “அடப்பாவி” என்றாள் தன்னையே. “நான் மாறவே இல்ல பாத்தீங்களா?”

“மாறிட்டே” என்றார் மாஸ்டர். “அன்னைக்குப் படிக்க ஆள் வச்சுக்கலையே.”

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். காகிதத்தைக் குப்புறத் திருப்பினாள். பழைய சாக் கோட்டைத் தட்டிவிட்டுப் புதுசாகக் கோடு போட்டாள்.

“வலது” என்று மாஸ்டர் படித்த படிப்பில் எதிர்வீட்டு வக்கீல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோ வந்தபோது, முதுகும் கைகளும் காலரும்கூட வெட்டி முடிந்திருந்தது. மேசை நடுவில் இரண்டு முன்பாகங்களும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ரேடியோ கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கு அண்ணி” என்றாள்.

அண்ணி கை கழுவிக்கொண்டு வந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. மூலை மழுங்கிய சீட்டு கையிலேயே வந்து மாட்டியது.

“ஒண்ணு கேக்கறேன். மத்த சீட்டெல்லாம் புதுசாட்டம் இருக்கு. இது மட்டும் ஏன் இவ்வளவு தேஞ்சு போயிருக்கு?”

ரேடியோ சீட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

“மொதல்ல எழுதின சீட்டு அது.”

“யாருக்கு எழுதினே?”

மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்குத்தான். தினமும் எடுத்துப் பாப்பேன்” என்றாள் ரேடியோ. “பாத்துட்டுத் திரும்ப உள்ள வச்சுடுவேன். ஊருக்கெல்லாம் நீட்டறேன். எனக்குன்னு நான் எடுத்ததே இல்ல அண்ணி.”

“உன் பையில ஒன்பது நாளா ஒரு கவர் இருக்கு.”

“உங்களுக்கு எப்படி...”

“போன வாரம் அந்தப் பைக்கு ஜிப் தைச்சுக் கொடுத்தது யாரு?”

ரேடியோவின் கை தானாகப் பையின் மேல் போனது. “இல்லன்னு வந்திருந்தா?”

“இல்லன்னு வந்திருந்தா அழு. நானும் கூட உக்காந்து அழறேன். இன்னைக்கு மத்தியானம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? திரும்பவும் ரெண்டு இடது வச்சேன்.”

“ஐயோ!”

“வெட்டல. உங்கண்ணன் படிச்சார்.” அண்ணி சீட்டை ரேடியோவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “பயம் போனப்புறம் எடுக்கலாம்னு மூணு வருஷம் நான் காத்திருந்தேன். அது போகல. அது பாட்டுக்குப் பக்கத்துல நின்னுச்சு, நான் பாட்டுக்கு வெட்டினேன்.”

ரேடியோ பையைத் திறந்தாள். கவர் நடுவில் மடங்கி, ஓரமெல்லாம் கசங்கிப்போயிருந்தது. கிழிக்கப் போனவள் நிறுத்தினாள். கையால் கிழித்தால் உள்ளே இருக்கும் தாளும் சேர்ந்து கிழிந்துவிடும்போல இருந்தது.

அண்ணி மேசையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

“ஏய்! அது துணிக் கத்த...” மாஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கத்தரி அவள் கையில் இருந்தது. மூன்று வருஷமாக அவள் அதைத் தொடாமல் இருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் மாஸ்டர். சுவரில் தான் எழுதி ஒட்டியதைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“சரி. சாணை பிடிச்சுக்கலாம்” என்றார். “வெட்டு.”

ரேடியோ வெட்டினாள். கவரின் ஓரம் மெல்லிய நாடாவாகச் சுருண்டு சாம்பல் துணியின் மேல் விழுந்தது. உள்ளே இருந்து ஒரு தாள் வந்தது, நான்காக மடித்திருந்தது. அவள் அதைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கிக்கொண்டாள்.

“படி” என்றார் மாஸ்டர்.